மீட்புப் பணியும் உட்பகையும்: உளவுப் புதினத்தில் ஒரு நூற்றாண்டுச் சிக்கல்

உளவுப் புதினம் என்ற கதைவகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருப்பெற்று, இரண்டு உலகப் போர்களாலும் அவற்றைத் தொடர்ந்து வந்த பனிப்போராலும் ஊட்டம் பெற்று வளர்ந்தது. அவ்வகையைச் சார்ந்த நூல்களை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு ஒரு கதையமைப்பு மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்: பகைவரின் பிடியில் சிக்கிய ஒருவரை மீட்டு வர ஒரு சிறு குழு புறப்படுகிறது, அக்குழுவுக்குள்ளேயோ அதை அனுப்பிவைத்த அலுவலகத்துக்குள்ளேயோ ஒரு துரோகி இருக்கிறான். மீட்பும் துரோகமும் இவ்வாறு இணைந்தே வருவதை, வாசகரை விடாமல் பக்கம் புரட்ட வைக்கும் உத்தி என்று கருதிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அது போதிய விளக்கமாகாது. மீட்புப் பணியின் அமைப்பிலேயே துரோகத்துக்கான வழி பொதிந்திருக்கிறது என்பதும், யாரை மீட்பது, அதற்கு விலையாக யாரைக் கைவிடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறை எழுத்தாளரும் அளித்த விடைகளைத் தொடர்ந்து சென்றால் இக்கதைவகையின் வரலாறே தெளிவாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

உளவுத் தொழிலின் அடிப்படை விதி, ஒருவர் தம் பணிக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே அறிந்திருக்க வேண்டும் என்பதாகும். ஓர் ஒற்றர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானாலும் அவரால் வெளிப்படுத்தக்கூடியது சிறிதாகவே இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். ஓர் ஒற்றரை மற்றோர் ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும் என்றும், ஒருவர் கொண்டுவந்த செய்தியை வேறொருவரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்கு அறிவுறுத்துவதும் இதே விதியைத்தான். செய்தி திரட்டுவதற்கு இவ்விதி பொருந்தும். ஆளை மீட்பதற்கு முழுமையாகப் பொருந்தாது. சிறைப்பட்டவர் இருக்கும் இடம், காவலர் மாறும் நேரம், எல்லையைக் கடக்கும் வழி, வாகனம், போலிக் கடவுச்சீட்டு, அடையாளக் குறிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒருவர் தேவைப்படுகிறார். அவர்கள் அனைவரும் ஒரே நாளில் ஒரே இடத்தை நோக்கிச் செயல்பட வேண்டியிருப்பதால், பிரித்து வைக்கப்பட்டிருந்த இரகசியங்கள் யாவும் அந்த ஒரு நாளில் ஒன்றுகூடுகின்றன. ஆண்டுக்கணக்காகக் கோப்புகளுக்கு நடுவே ஐயத்துக்கு இடமின்றி அமர்ந்திருந்த துரோகிக்கும் அதுவே நெருக்கடியான நாள். மீட்பைத் தடுக்காவிட்டால் அவன் அகப்படக்கூடும், தடுத்தால் தன்னையே காட்டிக்கொள்ளக்கூடும். உளவுப் புதினத்தின் முடிச்சு பெரும்பாலும் இவ்விடத்தில்தான் விழுகிறது.

இது எழுத்தாளரின் வசதிக்காகப் புனையப்பட்டதன்று என்பதற்கு 1945ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் நிகழ்ந்தது சான்றாகும். அங்கே சோவியத் துணைத் தூதர் என்ற பெயரில் பணியாற்றிய உளவு அதிகாரி கான்ஸ்டன்டின் வோல்கோவ், தமக்கும் தம் மனைவிக்கும் புகலிடமும் பணமும் கேட்டு பிரிட்டிஷ் அதிகாரிகளை அணுகினார். பிரிட்டிஷ் அரசுக்குள் மறைந்து பணியாற்றும் சோவியத் ஒற்றர்களின் பெயர்களை அதற்கு ஈடாகத் தருவதாகவும், அவர்களுள் ஒருவர் லண்டனில் எதிர்உளவுப் பிரிவு ஒன்றின் தலைமையில் இருப்பதாகவும் அவர் கூறினார். பகைவரின் உளவாளிகளைக் கண்டறியும் பணியே எதிர்உளவு எனப்படும். பிரிட்டிஷ் சங்கேதக் குறிகள் படிக்கப்பட்டுவருவதாக வோல்கோவ் எச்சரித்ததால், செய்தி தந்தியில் செல்லாமல் தூதரக அஞ்சல் பையில் சென்றது. லண்டனில் அது வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6இன் சோவியத் எதிர்ப்புப் பிரிவுத் தலைவர் கிம் ஃபில்பியின் மேசைக்கு வந்தது. வோல்கோவ் குறிப்பால் சுட்டிய மனிதர் ஃபில்பியே. 1934 முதல் அவர் மாஸ்கோவுக்காகப் பணியாற்றிவந்தவர். அவர் மாஸ்கோவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வோல்கோவை அழைத்துவரும் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்டு, இயன்ற அளவு தாமதித்து இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். அதற்குள் உடலெங்கும் கட்டுகள் சுற்றப்பட்ட நிலையில் தூக்குப்படுக்கையில் வோல்கோவ் சோவியத் விமானத்துக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தார். பின்னர் மாஸ்கோவில் கொல்லப்பட்டார். மீட்கச் சென்றவரே காட்டிக்கொடுத்தவராக இருந்த இந்நிகழ்ச்சியின் நிழல், 1963 ஜனவரியில் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்குத் தப்பிச் சென்ற பின்னர், பிரிட்டிஷ் உளவுப் புதினம் முழுவதிலும் படிந்தது.

எனினும் மீட்பையும் துரோகத்தையும் முடிச்சிட்ட முதல் பெரும் வெற்றி நூல் ஃபில்பிக்கு நெடுங்காலம் முற்பட்டது. ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய எம்மா ஆர்ட்சி 1905இல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் பிம்பர்னெல்’, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கொலைக்கருவிக்கு இரையாகவிருந்த பிரபுக்களை இரகசியமாக மீட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் சர் பெர்சி பிளேக்னி என்பவரின் கதை. அவர் ஊருக்கு முன்னே அறிவற்ற ஆடம்பரப் பிரியராக நடிக்கிறார். அவருடைய மனைவி மார்கரீட்டுக்கும் உண்மை தெரியாது. பிரெஞ்சு அரசின் முகவர் ஷோவ்லான், மார்கரீட்டின் அண்ணன் ஆர்மானின் உயிரைப் பணயமாக வைத்து, அந்த மீட்பர் யாரென்று கண்டறிந்து கூறுமாறு அவளை வற்புறுத்துகிறார். அண்ணனைக் காக்க முயலும் அவள் தன் கணவரையே அறியாமல் காட்டிக்கொடுத்துவிட்டு, உண்மை தெரிந்தபின் அவரைக் காப்பாற்ற விரைகிறாள். மீட்பரின் தூய்மையில் ஆர்ட்சிக்கு ஐயமே இல்லை; பிரபுக்கள் மீட்கப்படத் தகுந்தவர்கள்தாமா என்ற கேள்வியும் நூலில் எழுவதில்லை. அது நூலின் பெருங்குறையே. ஆனால் ஓர் உயிரைக் காக்கும் விருப்பமே மற்றோர் உயிரைக் காட்டிக்கொடுக்கும் காரணமாகிறது என்ற அமைப்பை அவர் கண்டுபிடித்துவிட்டார். பின்வந்தவர்கள் அனைவரும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டனர். 1953இல் வெளிவந்த இயன் ஃபிளெமிங்கின் ‘கசினோ ராயல்’ நூலில், சோவியத் பிடியில் உள்ள தன் போலந்துக் காதலனின் உயிருக்காக இரட்டை உளவாளியாக மாறும் வெஸ்பர் லிண்ட் மார்கரீட்டின் வழித்தோன்றலே. இரட்டை உளவாளி என்பவர், ஒரு தரப்புக்குப் பணியாற்றுவதாகக் காட்டிக்கொண்டு மறுதரப்புக்குப் பணியாற்றுபவர். வெஸ்பரைக் கடத்திச் சென்றவர்களைத் துரத்திச் செல்லும் ஜேம்ஸ் பாண்ட் பொறியில் விழுந்து சித்திரவதைக்கு ஆளாகிறார். ஃபிளெமிங் இதற்குமேல் அம்முடிச்சை ஆராயவில்லை.

அதை முழுமையாக ஆராய்ந்தவர், அதுவும் சண்டையும் துரத்தலும் நிறைந்த கதைக்குள்ளேயே ஆராய்ந்தவர், அலிஸ்டர் மெக்லீன் ஆவார். ஸ்காட்லாந்தில் 1922இல் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, கேலிக் மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த அவர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி, ரஷ்யாவுக்குப் பொருள் கொண்டு சென்ற ஆர்க்டிக் கப்பல் தொடர்களில் பயணம் செய்தவர்; போருக்குப் பின் பள்ளி ஆசிரியராக இருந்து, 1955இல் ‘எச்.எம்.எஸ். யுலிசிஸ்’ நூலால் புகழ் பெற்றார். 1957இல் வெளிவந்த அவருடைய ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’, பெரும் பீரங்கிகளைத் தகர்க்கும் கதை என்றே அறியப்பட்டாலும், அடிப்படையில் அதுவும் ஒரு மீட்புக் கதையே. கெரோஸ் என்ற தீவில் சிக்கியுள்ள 1,200 பிரிட்டிஷ் வீரர்களைக் கப்பல்கள் சென்று அழைத்துவர வேண்டுமானால், கடல்வழியைக் காக்கும் அப்பீரங்கிகள் ஓய்ந்தாக வேண்டும். குழுவோடு இணைந்து உதவும் பனாயிஸ் என்ற தீவுவாசி துரோகி என்பது இறுதியில்தான் வெளிப்படுகிறது. 1961இல் அந்நூல் திரைப்படமானபோது துரோகி பாத்திரம் அன்னா என்ற பெண்ணாக மாற்றப்பட்டது. நூலில் துரோகத்துக்கு உரிமை கொண்டாட எவருமே ஐயுறாத ஓர் ஆண் தோழன் போதுமானவனாக இருந்தான். திரைக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். துரோகத்தைப் பெண்ணின் மேல் ஏற்றிச் சொல்லும் பழக்கம் எவ்வளவு எளிதாகக் கைகூடுகிறது என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

மெக்லீனின் ‘வேர் ஈகிள்ஸ் டேர்’, தயாரிப்பாளர் எலியட் காஸ்ட்னரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்ட திரைக்கதையுடன் சேர்ந்து உருவாகி, 1967இல் புதினமாகவும் 1968இல் பிரையன் ஹட்டன் இயக்கிய திரைப்படமாகவும் வெளிவந்தது. நேசநாடுகள் ஐரோப்பாவில் திறக்கவிருக்கும் இரண்டாம் போர்முனையின் திட்டத்தை அறிந்த கார்னபி என்ற அமெரிக்கத் தளபதி, விமானம் விழுந்து ஜெர்மானியரிடம் சிக்கி, பவேரிய ஆல்ப்ஸ் மலையில் கம்பிவட ஊர்தியால் சென்றடையக்கூடிய ஷ்லோஸ் ஆட்லர் என்னும் கோட்டையில் அடைக்கப்பட்டிருக்கிறார். விசாரணையில் அவர் வாய் திறப்பதற்கு முன் மீட்டுவர மேஜர் ஸ்மித்தின் தலைமையில் ஒரு குழு பாராசூட்டில் குதிக்கிறது. குதித்த சில நிமிடங்களில் குழுவினருள் ஒருவர் கழுத்து முறிந்து இறந்துகிடக்கிறார். பனியில் விழுந்த விபத்தன்று அது என்பது ஸ்மித்துக்குத் தெரிகிறது. அதே விமானத்தில் மேரி என்ற பெண் ஒற்றர் ஒளிந்து வந்து குதித்திருப்பது ஸ்மித்தைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. அவ்விரண்டு செய்திகளாலேயே கதையின் அடித்தளம் அமைந்துவிடுகிறது: இக்குழுவில் எல்லாரும் எல்லாவற்றையும் அறிந்திருக்கக்கூடாது, ஏனெனில் எல்லாரும் நம்பத்தக்கவர் அல்லர்.

கோட்டையின் கூடத்தில் நிகழும் நடுப்பகுதிக் காட்சியே நூலின் உயிர். மீட்கப்பட வேண்டிய தளபதி உண்மையில் தளபதியே அல்லர், அவர் வேடத்தில் வந்த ஒரு நடிகர் என்பது வெளிப்படுகிறது. குழுவில் எஞ்சியவர்களுள் மூவர் ஜெர்மானியருக்காகப் பணியாற்றுவோர் என்பதும் வெளிப்படுகிறது. அப்போது ஸ்மித் தம்மை ஜெர்மானிய உளவாளி என்று அறிவித்து, அம்மூவரையும் போலிகள் என்று குற்றம் சாட்டி, உண்மையானவர்களாயின் பிரிட்டனில் தங்களோடு பணியாற்றும் ஒற்றர்களின் பெயர்களை எழுதித் தந்து நிறுவுமாறு அறைகூவுகிறார். அவர்கள் எழுதிக் கொடுத்ததும்தான், அப்பட்டியலைப் பெறுவதற்காகவே இப்பயணம் முழுவதும் அமைக்கப்பட்டது என்பது வாசகருக்குப் புரிகிறது. மீட்பு என்பது தூண்டில். பிடிக்கப்பட வேண்டிய மீன் லண்டனில் இருக்கிறது. குழுவை அனுப்பிய தலைமை அதிகாரிகளுள் ஒருவரான கர்னல் வயட்-டர்னரே துரோகக் கூட்டத்தின் தலைவர் என்பதும், அவர் திரும்பிச் செல்லும் விமானத்திலேயே அமர்ந்திருக்கிறார் என்பதும் கடைசிப் பக்கங்களுக்கு ஒதுக்கி வைக்கப்பட்ட செய்திகள்.

மெக்லீனைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று ஒதுக்குவோர் கவனிக்கத் தவறுவது, அவருடைய சண்டைக் காட்சிகள் அனைத்தும் நம்பிக்கை பற்றிய ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்திருப்பதை. கூரையின் மேல் ஊர்ந்து செல்லும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார், ஊர்தியின் மேல் நிற்பவர் யார் பக்கம் என்ற கேள்வி ஒவ்வோர் அசைவிலும் உள்ளது. துப்பாக்கியின் ஓசை அதை மறைப்பதில்லை. புதினத்தில் ஸ்மித் தேவையற்ற கொலையைத் தவிர்க்கப் பெரிதும் முயல்பவராகவும் இருக்கிறார். ரிச்சர்ட் பர்ட்டனும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் நடித்த திரைப்படம் அத்தயக்கத்தைக் கைவிட்டு உயிர்ச்சேதத்தைப் பெருக்கியது. அவருடைய பாத்திரங்களுக்கு உள்மனம் குறைவு, பெண் பாத்திரங்கள் மெலிந்தவை என்பன மறுக்க முடியாத குறைகள். ஆயினும் நூலின் அறநிலையில் ஒரு தெளிவு உண்டு: துரோகி இறுதியில் தண்டனை பெறுகிறான், அலுவலகத்தின் தலைமையில் நேர்மையான ஒருவர் எப்போதும் எஞ்சியிருக்கிறார். மெக்லீன் அந்நம்பிக்கையை 1967இலும் விடாமல் பற்றியிருந்தார் என்பது வியப்புக்குரியது, ஏனெனில் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஜான் லெ கேரே அதை வேரோடு பிடுங்கியிருந்தார்.

டேவிட் கார்ன்வெல் என்ற இயற்பெயர் கொண்ட லெ கேரே, பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றியவர்; 1961இல் பெர்லின் சுவர் எழுந்தபோது ஜெர்மனியில் இருந்தவர். 1963இல் வெளிவந்த அவருடைய ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ நூலில் வெளித்தோற்றத்துக்கு மீட்பே இல்லை. பெர்லினில் தம் ஒற்றர்களை ஒவ்வொருவராக இழந்த அலெக் லீமஸ், பதவி பறிபோன குடிகாரராக நடித்து, கிழக்கு ஜெர்மனி பக்கம் சாய்வதுபோல் காட்டி, அந்நாட்டு உளவுத் தலைவன் முண்ட்டை அவனுடைய துணைவர் ஃபீட்லரைக் கொண்டே ஒழிக்க வேண்டும். அதற்காக முண்ட் பிரிட்டனின் ஒற்றன் என்று காட்டும் பொய்ச்சான்றுகளை லீமஸ் கொண்டு செல்கிறார். விசாரணை மன்றத்தில் எல்லாம் தலைகீழாகும்போதுதான் அவருக்கு உண்மை விளங்குகிறது: முண்ட் உண்மையாகவே பிரிட்டனின் ஒற்றன், ஃபீட்லரின் ஐயத்திலிருந்து அவனைக் காப்பாற்றுவதே பணியின் நோக்கம், தமது தோல்வியே திட்டமிடப்பட்ட வெற்றி. மீட்கப்படுபவன் முன்னாள் நாஜி. பலியிடப்படுபவர்கள், யூதரும் தம் கொள்கையில் நேர்மையாளருமான ஃபீட்லரும், லீமஸை நேசித்த நூலகப் பணிப்பெண் லிஸ் கோல்டும். சுவரின் மேல் ஏறிய பிறகும், சுட்டு வீழ்த்தப்பட்ட லிஸ்ஸிடம் திரும்பி இறங்கும் லீமஸ், தம் அமைப்பு தமக்கு அளித்த மீட்பை மறுக்கிறார்.

ஒரே செயல் ஒருவருக்கு மீட்பாகவும் மற்றொருவருக்குத் துரோகமாகவும் இருக்க முடியும் என்பதை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய நூல் இக்கதைவகையில் வேறில்லை. மெக்லீனின் உலகில் துரோகி ஒரு தனிமனிதன். அவனை நீக்கினால் அலுவலகம் தூய்மையாகிவிடும். லெ கேரேயின் உலகில் துரோகம் அலுவலகத்தின் அன்றாட நடைமுறை. அதற்குக் கையொப்பமும் கோப்பும் உண்டு. அவர் 1974இல் எழுதிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ ஃபில்பி வரலாற்றின் கற்பனை வடிவம் எனலாம். பிரிட்டிஷ் அமைப்புக்குள் மறைந்திருக்கும் சோவியத் ஒற்றனை அறிந்தவராகக் கூறப்படும் செக் தளபதி ஒருவரைச் சந்திக்க அனுப்பப்படும் ஜிம் பிரிடோ முதுகில் சுடப்பட்டுப் பிடிபடுகிறார்; வலை விரித்தவர்களுக்கு உதவியவர் அவருடைய நெடுநாள் நண்பர் பில் ஹேடன். பின்னர் பிரிடோவை விடுவித்து நாடு திரும்ப வழிசெய்தவரும் அதே ஹேடன்தான். நண்பரைக் காட்டிக்கொடுத்த கையே அவரைச் சிறையிலிருந்து மீட்கவும் செய்தது. அக்கருணை துரோகத்தைவிடக் கொடியதாகப் பிரிடோவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மீட்கப்பட்டவர் தம்மை மீட்டவருக்குக் கடன்படுகிறார் என்பது இச்சிக்கலின் மற்றொரு கிளை. போர்க்காலத்தில் ஃபில்பியின் கீழ் எம்.ஐ.6இல் பணியாற்றி, பிற்காலத்தில் ஃபில்பியின் தன்வரலாற்று நூலுக்கு முன்னுரையும் எழுதிய கிரகாம் கிரீன், 1978இல் வெளியிட்ட ‘தி ஹ்யூமன் ஃபேக்டர்’ நூலில் இதை எடுத்துக்கொண்டார். உளவு அலுவலகத்தில் ஆப்பிரிக்கப் பிரிவில் பணியாற்றும் மாரிஸ் காசில், தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களுக்கு அஞ்சித் தப்ப வேண்டியிருந்த கறுப்பினப் பெண் சாராவை மணந்தவர். அவளை அந்நாட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் கார்சன் என்ற கம்யூனிஸ்ட். அந்த நன்றிக்கடனைத் தீர்க்கவே காசில் மாஸ்கோவுக்குச் செய்திகளை அனுப்புகிறார். கொள்கையோ பணமோ காரணமல்ல. ஐயம் அவருடைய இளம் சக ஊழியர் டேவிஸ் மீது விழ, அலுவலகம் டேவிஸை ஓசையின்றி நஞ்சிட்டுக் கொல்கிறது. செய்ந்நன்றி மறவாமை என்ற பண்பே நாட்டுத் துரோகத்துக்கு வித்தாவதைக் கிரீன் மிகுந்த பரிவோடு எழுதினார்; எனினும் டேவிஸின் சாவு அப்பரிவுக்கு நடுவே உறுத்தலாகவே நிற்கிறது, நிற்கவும் வேண்டும்.

இதே கடனை முற்றிலும் வேறு தொனியில் கையாண்டவர் பீட்டர் ஓ’டோனல். 1963இல் நாளிதழ்ச் சித்திரத் தொடராகத் தொடங்கிய மாடஸ்டி பிளெய்ஸ், சிவகாசியிலிருந்து 1984இல் ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்ற முதல் இதழோடு தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகருக்கும் நன்கு அறிமுகமானவள். 1965இல் வந்த முதல் புதினத்தில், பிரிட்டிஷ் உளவுத்துறையின் சர் ஜெரால்ட் டாரண்ட், மாடஸ்டியின் தோழன் வில்லி கார்வின் தென்னமெரிக்கச் சிறையொன்றில் சாவை எதிர்நோக்கிக் கிடப்பதை அவளுக்குத் தெரிவிக்கிறார். அதற்கு எந்த விலையும் கேட்பதில்லை. விலை கேட்டிருந்தால் அவள் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்திருப்பாள். கேட்காததாலேயே அவள் கட்டுப்படுகிறாள். அத்துடன் இங்கே மீட்கச் செல்பவள் பெண், மீட்கப்படுபவன் ஆண். இருவருக்கும் இடையே துரோகத்துக்கு இடமே இல்லை. நவரோன் திரைப்படத்தின் அன்னாவுக்குச் சில ஆண்டுகளுக்குள் இப்படி ஒரு பெண் பாத்திரம் தோன்றியது இக்கதைவகைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

லென் டெய்ட்டன் துரோகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். 1964இல் வெளியான அவருடைய ‘ஃப்யூனரல் இன் பெர்லின்’ நூலில் செமிட்சா என்ற சோவியத் அறிவியலாளரைச் சவப்பெட்டியில் வைத்துச் சுவரைக் கடத்துவதாக ஏற்பாடு. பெட்டி வருகிறது, அவர் வருவதில்லை. 1983இல் வந்த ‘பெர்லின் கேம்’ இன்னும் ஆழமானது. கிழக்கு பெர்லினில் நெடுங்காலம் பிரிட்டனுக்குச் செய்தி அனுப்பிவந்த ‘பிராம்ஸ் ஃபோர்’ என்ற மறைபெயர் கொண்டவர் வெளியேற விரும்புகிறார். முன்னொரு காலத்தில் அவரால் உயிர் காக்கப்பட்ட பெர்னார்ட் சாம்சன் அவரை அழைத்துவரச் செல்கிறார். லண்டன் அலுவலகத்தில் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் ஆள் யார் என்ற தேடல், அதே அலுவலகத்தில் உயர்பதவியில் உள்ள சாம்சனின் மனைவி ஃபியோனாவிடம் போய் முடிகிறது. பின்வந்த நூல்களில், குறிப்பாக 1990இன் ‘ஸ்பை சிங்க்கர்’ நூலில், அவளுடைய விசுவாசம் உண்மையில் பிரிட்டனிடமே இருந்தது என்று டெய்ட்டன் வெளிப்படுத்தினார். அப்போதும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அவள் இழைத்தது மாறிவிடவில்லை. நாட்டுக்கு உண்மையாக இருந்ததாலேயே குடும்பத்துக்குத் துரோகம் செய்தவள் ஆகிறாள்.

புதினங்கள் கற்பித்ததை நிகழ்வுகள் மிஞ்சிய இடமும் உண்டு. கே.ஜி.பி. அதிகாரியாக இருந்துகொண்டே 1974 முதல் பிரிட்டனுக்குச் செய்தி அளித்த ஓலெக் கோர்டியெவ்ஸ்கி, 1985 மே மாதத்தில் லண்டனிலிருந்து திடீரென மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டு, மயக்கமருந்து கலந்த மது கொடுக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். அவரை வெளிக்கொணர எம்.ஐ.6 பல ஆண்டுகள் முன்பே ‘பிம்லிகோ’ என்ற திட்டத்தை வகுத்து வைத்திருந்தது. குறித்த தெருவில் அவர் சேஃப்வே கடைப் பையுடன் நிற்க வேண்டும். சாக்லேட் தின்றபடி ஒருவர் கடந்து சென்றால் செய்தி கிடைத்துவிட்டதாகப் பொருள். ஜூலை மாதத்தில் ஃபின்லாந்து எல்லைக்கருகே பிரிட்டிஷ் தூதரகக் காரின் பின்பெட்டிக்குள் அவர் ஒளிந்துகொண்டார்; சோதனைச் சாவடியில் நாய்களின் மோப்பத்தைத் திசைதிருப்ப, குழந்தையின் அழுக்குத் துணியே பயன்பட்டது. இவ்வளவு வெற்றியான மீட்பிலும் கைவிடப்பட்டவர்கள் உண்டு. கோர்டியெவ்ஸ்கி தம் மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. அவரும் இரு மகள்களும் ஆறு ஆண்டுகள் சோவியத் நாட்டிலேயே இருக்க நேர்ந்தது, மணவாழ்வும் பின்னர் முறிந்தது. அவரைப் பற்றி மாஸ்கோவுக்கு முதலில் ஐயமூட்டியவர் யார் என்பதில் வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அமெரிக்க சி.ஐ.ஏ.வின் எதிர்உளவு அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் அதே 1985இல் மாஸ்கோவுக்கு விற்ற பெயர்களுள் அவருடையதும் ஒன்று. ஏம்ஸுக்குக் கொள்கை ஏதுமில்லை, கடன் இருந்தது; 1994இல் கைதாகும் வரை ஏறத்தாழ 25 லட்சம் டாலர் பெற்றார். அவர் விற்ற பெயர்களுக்கு உரியவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். புதினத்தின் துரோகிகளுக்குக் காதலோ கொள்கையோ நன்றியோ காரணமாக வாய்க்கிறது. பணத்தேவை என்ற வெறுமையான காரணத்தை எழுத்தாளர்கள் அரிதாகவே தாங்கிக்கொள்கிறார்கள்.

அதைவிட அரிதாக அவர்கள் தாங்கிக்கொள்வது, துரோகமே இல்லாத தோல்வியை. டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த 53 அமெரிக்கரை மீட்க 1980 ஏப்ரல் 24 அன்று அனுப்பப்பட்ட எட்டு ஹெலிகாப்டர்களுள், புழுதிப் புயலுக்கும் இயந்திரக் கோளாறுகளுக்கும் பின் ஐந்து மட்டுமே பாலைவனச் சந்திப்பிடத்தில் செயல்படும் நிலையில் இருந்தன. குறைந்தது ஆறு தேவைப்பட்டதால் பணி கைவிடப்பட்டது. திரும்பப் புறப்படுகையில் ஒரு ஹெலிகாப்டர் போக்குவரத்து விமானத்தின் மீது மோதி எட்டுப் பேர் இறந்தனர். அங்கே காட்டிக்கொடுத்தவர் எவருமில்லை. புழுதிக்கு முகமில்லை, துரோகிக்கு முகமுண்டு. தோல்விக்கு ஒரு முகம் வேண்டும் என்ற மனிதத் தேவை இக்கதைவகையின் செல்வாக்குக்கு ஒரு காரணம்; நடப்பு உலகில் குற்றமற்றவர்மீது பழி சுமத்தப்படுவதற்கும் அதுவே காரணம். 1942 முதல் 1944 வரை நெதர்லாந்தில் பிரிட்டன் பாராசூட்டில் இறக்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒற்றர்கள் நேரே ஜெர்மானியர் கையில் விழுந்தனர்; பிடிபட்ட வானொலி இயக்குநர் எச்சரிக்கும் பொருட்டு தம் செய்திகளில் பாதுகாப்புக் குறியை, அதாவது முன்கூட்டியே பேசிவைத்த சிறு பிழையை, விட்டுவிட்டு அனுப்பியும் லண்டன் பொருட்படுத்தவில்லை. அவர்களுள் டௌர்லெய்ன், உபிங்க் என்ற இருவர் சிறையிலிருந்து தாமே தப்பி இங்கிலாந்து சேர்ந்தபோது, பகைவருக்கு விலைபோனவர்கள் என்ற ஐயத்தில் அங்கேயும் காவலில் வைக்கப்பட்டனர்.

அரசே தன் வீரர்களைக் கைவிடும் கதை வியட்நாம் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் வலுப்பெற்றது. டாம் கிளான்சியின் 1989ஆம் ஆண்டு நூலான ‘கிளியர் அண்ட் பிரசன்ட் டேஞ்சர்’, கொலம்பியாவின் போதைப்பொருள் கும்பலுக்கு எதிராக இரகசியமாக இறக்கப்பட்ட படைவீரர்களை, அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கட்டர் அரசியல் வசதிக்காகத் தொடர்பறுத்துக் கைவிடுவதையும், சி.ஐ.ஏ.வைச் சேர்ந்த ஜாக் ரயனும் ஜான் கிளார்க்கும் அவர்களை மீட்கச் செல்வதையும் கூறுகிறது. ஆயுத விவரங்களில் கிளான்சி காட்டும் ஈடுபாடு சில இடங்களில் அயர்ச்சி தந்தாலும், வீரர்களின் பெயர்களை அட்டவணையிலிருந்து நீக்குவதே அவர்களைக் கொல்வதற்குச் சமம் என்ற அவருடைய சினம் உண்மையானது.

2010இல் வெளிவந்த மிக் ஹெரனின் ‘ஸ்லோ ஹார்சஸ்’ இவ்வரிசையின் அண்மைக் காலத் திருப்பம். பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த ஹசன் அகமது என்ற பிரிட்டிஷ் மாணவரை வலதுசாரித் தீவிரவாதக் குழு ஒன்று கடத்துகிறது. தலையைத் துண்டிக்கப்போவதாக அறிவிக்கிறது. உள்நாட்டு உளவு அமைப்பின் துணைத் தலைவர் டயானா டவர்னரே தம் ஆளை அக்குழுவுக்குள் நுழைத்து இக்கடத்தலுக்கு வழிசெய்தவர் என்பதும், தக்க தருணத்தில் அமைப்பு வந்து மீட்டுப் புகழ் பெற வேண்டும், பாகிஸ்தான் உளவுத்துறையில் செல்வாக்குள்ள ஹசனின் உறவினரிடம் நன்றியும் பெற வேண்டும் என்பதே திட்டம் என்பதும் பின்னர் வெளிப்படுகின்றன. மீட்பதற்காகவே ஒருவர் சிறைப்படுத்தப்படுகிறார். திட்டம் கைமீறியபோது பழியைச் சுமக்க, ஒதுக்கப்பட்ட ஊழியர்கள் சிலர் தயாராக வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஹெரன் செய்த மிக முக்கியமான மாற்றம் சதியின் புதுமையில் இல்லை. மெக்லீனின் கார்னபி ஒரு வேடம். டெய்ட்டனின் செமிட்சா ஒரு வெற்றுப் பெட்டி. முண்ட்டுக்கோ பிராம்ஸ் ஃபோருக்கோ மீட்பின் வழியில் என்ன தோன்றியது என்று வாசகர் அறிவதில்லை. ஹசனோ மேடை நகைச்சுவைக் கலைஞராக விரும்பும் இளைஞர். நிலவறையின் இருட்டில், அச்சத்துக்கு நடுவே, ஒருநாள் மேடையில் சொல்ல வேண்டிய துணுக்குகளை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறார். மீட்போரின் வீரத்தையும் துரோகியின் தந்திரத்தையும் நூறாண்டுகள் எழுதிவந்த இக்கதைவகை, யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அவருடைய பக்கத்திலிருந்து சில அதிகாரங்களையாவது எழுத இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வோல்கோவின் கடைசி வாரங்களை இஸ்தான்புல்லில் அவருடைய அறைக்குள்ளிருந்து சொல்லும் ஒரு பெரும் புதினத்துக்கு இன்னும் இடமிருக்கிறது.